நானூற்றாறு நாள் உப்பு

மாசி மாதம் பதினேழாம் நாள், சனிக்கிழமை, முன்பனி விலகியும் வெயில் இன்னும் முழுதாக ஏறாத பருவத்தில், பகல் பதினொன்றேகால் மணிக்கு, வேலாம்புலம் உப்பளத்தின் வரப்பில் குந்தியிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மூட்டை தூக்கும் வடமலை, மூன்றாவது மிடற்றோடு தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, கடந்த ஆண்டு மார்கழி நான்காம் நாளின் நிலத்தடி நீர்மட்டத்தை, மணிக்கு ஒன்றாக இருபத்துநான்கு அளவுகளாக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொல்லி முடித்தார்.

சொல்லி முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "யாரு குடிச்சா கஞ்சி, யாரு பேசுனா கணக்கு?" என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பத்தடி தள்ளி நின்று அளவுகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மாலை நான்கு மணி அளவைச் சொல்லும்போது அவர் இரண்டு சென்டிமீட்டர் இறக்கிச் சொன்னார். ஐந்து மணிக்கு மீண்டும் ஏற்றினார். பள்ளி நாட்களில் நான்கு மணிக்குப் பள்ளிக்கூடத்து மோட்டார் ஓடும். அதனால் நீர்மட்டம் இரண்டு சென்டிமீட்டர் இறங்கி ஏறும். அந்தச் சிறு பள்ளம் எங்கள் கருவிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என் உதவியாளர் தையல்நாயகிக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத வடமலைக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

எங்கள் ஆய்வு நிலையம் எதை அளந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலாம்புலம் மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் சேறும் சூழ்ந்த ஒரு நீண்ட மணல்மேடு. அந்த மேட்டுக்கு அடியில், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு, மழை தந்த நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய ஏடாகக் கிடக்கிறது. ஊரின் எல்லாக் கிணறுகளும் அந்த ஏட்டில்தான் வாய் வைத்திருக்கின்றன. அது எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு ஏறுகிறது என்பதை ஒரு குழாய்க்குள் தொங்கிய கருவி மணிக்கு ஒருமுறை குறித்தது. அதைப் பதினொரு ஆண்டுகள் நான் பார்த்துக்கொண்டேன். அளவுகளுக்கு மூன்று நகல் இருக்க வேண்டும் என்பது விதி: ஒன்று கணினியில், ஒன்று நிலையத்து அலமாரியில், ஒன்று சனிக்கிழமைதோறும் மெமரி கார்டில் ஏற்றப்பட்டு, வெள்ளை உறையில் ஒட்டப்பட்டு, தபாலில் நகரத்துத் தலைமை அலுவலகத்துக்கு. நகலெடுப்பது தையல்நாயகி. சரிபார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுவது நான்.

ஓர் இறால் பண்ணை நிறுவனம் மேட்டின் தென்கோடியில் நிலம் வாங்கி, சோதனைக்கென்று இரண்டு ஆழ்குழாய்களை இறக்கி, ஓராண்டு இறைத்துப் பார்த்து, ஊர்த் தண்ணீர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை என்று அறிக்கை எழுதி, இன்னும் இருபது குழாய்களுக்கு அனுமதி கேட்டிருந்தது. சித்திரை ஐந்தாம் நாள் மாவட்ட அதிகாரியின் முன் விசாரணை. அறிக்கை பொய் என்பது கிணற்றில் வாளி விடும் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் விசாரணைக்கு வாளி சாட்சி சொல்லாது. எங்கள் அளவுகள்தாம் சொல்லும். அவையில்லாமல் அனுமதி கிடைத்துவிட்டால், இரண்டு கோடைக்குள் அந்த நல்ல தண்ணீர் ஏட்டைக் கடல் குடித்துவிடும். வேலாம்புலம் உப்பு விளையும் இடமாக மட்டும் எஞ்சும், மனிதர் வாழும் இடமாக அல்ல.

கார்த்திகை மாதத்துப் புயல் நிலையத்தின் கூரையை எடுத்தது, கணினியை எடுத்தது, அலமாரியைக் கடலுக்கே கொண்டுபோனது. நான் கலங்கவில்லை. மூன்றாவது நகல் நகரத்தில் இருந்தது. தொலைபேசியில் கேட்டேன், உறைகள் எல்லாம் வந்து ஒட்டியது ஒட்டியபடி இருக்கின்றன என்றார்கள், பிரித்துப் பாருங்கள் என்றேன், பிரித்தார்கள். கடைசி ஐம்பத்தெட்டு உறைகளிலும் அளவுகள் இல்லை. புதிய கணினி வந்தபோது நகலெடுக்கும் வழியை அமைத்தவள் நானே; கோப்புறையை நகலெடுப்பதற்குப் பதில், திரையில் அதற்கு வழிகாட்டும் சின்னத்தை நகலெடுக்கும்படி அமைத்திருக்கிறேன். வீட்டை அனுப்புவதாக நினைத்து, ஐம்பத்தெட்டு வாரமும் வீட்டின் முகவரி எழுதிய துண்டுச் சீட்டையே அனுப்பியிருக்கிறோம். பதிவேட்டில் ஐம்பத்தெட்டு இடங்களில் "சரிபார்த்தேன்" என்று என் கையெழுத்து. ஒருமுறைகூட நான் திறந்து பார்க்கவில்லை. போனவை நானூற்றாறு நாட்கள். நிறுவனத்தின் ஆழ்குழாய்கள் ஓடிய அதே நாட்கள்.

அப்போதுதான் தையல்நாயகி, தலையைக் குனிந்துகொண்டு, "என்கிட்ட ஒண்ணு இருக்கும்மா" என்றாள். ஆடி மாதத்திலிருந்து அவளாகவே, எனக்குச் சொல்லாமல், கடைத்தெருவில் வாங்கிய ஒரு பென்டிரைவில் கணினியிலிருந்து நேராக எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். நகல்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே மிகவும் பத்திரமான இடத்தில் வைத்திருந்தாள். என் கையைப் பிடித்து அழைத்துப் போய், புயலுக்கும் அசையாத உப்பு ஜாடியைக் காட்டினாள்.

"உப்புக்குள்ளா வைத்தாய்?"

"உப்புல வெச்சா எதுவும் கெடாதேம்மா. மாங்கா கெடல, மீன் கெடல."

"தையல், இரும்பு மீன் இல்லை."

கையை விட்டுத் துழாவினாள். செம்பழுப்பாகத் துருத்தூள் வந்தது. கூடவே ஒரு பிளாஸ்டிக் மூடி. உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள் தவிர வேறு யாரும் அந்தத் தவற்றைச் செய்திருக்க முடியாது.

தை பிறந்ததும் உப்பளத்தார், சென்ற ஆண்டின் உப்பை வீட்டு ஜாடியிலிருந்து எடுத்துப் புதிய பாத்தியில் தூவுவார்கள். பாலுக்கு மோர் ஊற்றுவதைப் போல அதற்கும் உறை என்றே பெயர். "தூளோட தூவிடவாம்மா?" என்று அவள் கேட்டபோது, எனக்கு எதிலும் மனம் செல்லவில்லை, உன் விருப்பம் என்று சொல்லிவிட்டேன். கிழக்கு வரப்பில் தொடங்கி மேற்காக, ஓரடிக்கு ஒரு சிட்டிகையாக, ஜாடி தீரும்வரை தூவினாள். மாசியில் அந்தப் பாத்தி பூத்தது. முதல் உப்பை வழக்கப்படி எல்லோர் கஞ்சிக்கும் ஒரு கல் போட்டுக் கொடுத்தாள். முதல் கல் வடமலைக்குப் போயிற்று.

இதில் அதிர்ந்தவள் நான் ஒருத்தி மட்டும்தான் என்பதையும் எழுதியாக வேண்டும். ஊர்த் தலைவர் பக்கிரிசாமி சைக்கிளில் வந்து இறங்கினார், வடமலையைத் தொடர்ந்து மேலும் நான்கு பேர் நான்கு நாட்களை ஒப்பிப்பதை நின்று கேட்டார், பிறகு, "உறை ஊத்துனா தயிராவுமா ஆவாதா? அப்புறம் என்ன லேப் அம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? எழுத ஆள் போடுங்க" என்றார். மறுநாளே பாத்தி ஓரத்தில் பந்தல் போட்டார்கள். பள்ளிக்கூடத்து பெஞ்சுகள் வந்தன. மகளிர் குழுவினர் கோடு போட்ட நோட்டுகளுடன் அமர்ந்தார்கள். தையல்நாயகி பாத்தியை அளந்து கயிறு கட்டினாள். நீளம் ஐம்பத்தெட்டு அடி, அகலம் ஏழு அடி. ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு நாள். வாரம் வாரமாகக் கிழக்கிலிருந்து மேற்கே. உப்பு தானாகவே நாட்காட்டியாகப் படுத்திருந்தது. அதைப் பார்த்து வியந்தவளும் நான் ஒருத்தியே. ஊரார், வரிசை பிசகாமல் தூவியிருக்கிறாள், பொறுப்பான பெண் என்று மட்டும் சொன்னார்கள்.

சில விதிகள் தாமாகவே தெரியவந்தன. ஒரு நாளின் உப்பு ஒருவர் வாயில் ஒருமுறைதான் பேசும். அந்த நாளில் வேலாம்புலத்துத் தண்ணீரைக் குடித்தவர் வாயில்தான் பேசும். திருப்பூரிலிருந்து வந்த ஒரு மருமகன் ஆசையோடு ஒரு கல்லை வாயில் போட்டுக்கொண்டு தும்மியதுதான் மிச்சம். மூன்றாவது விதி பத்தாம் நாள் தெரிந்தது.

அஞ்சம்மாள் என்பவர் வைகாசி பத்தொன்பதாம் நாளைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர், சற்று நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு பந்தலுக்குத் திரும்பி வந்தார். படத்தில் அவர் பட்டுச் சேலையில் இருந்தார். பக்கத்தில் மாலையும் கழுத்துமாக அவர் மகள்.

"இது எப்பங்க எடுத்தது? நான் எப்பப் போனேன் இங்க?"

பந்தலில் இருந்த அத்தனை பேனாக்களும் நின்றன. மகளின் திருமணத்தில் முந்நூறு பேருக்கு இலை போட்டவர் அவர். அந்த நாள் அவருக்குள் இல்லை. அதற்கு முந்தின நாள் பந்தற்கால் நட்டது நினைவிருந்தது. மறுநாள் பாத்திரம் கழுவியது நினைவிருந்தது. நடுவில் ஒரு வெண்மை. நாங்கள் வடமலையைப் பார்த்தோம். மார்கழி நான்காம் நாள் நீ எங்கே இருந்தாய் என்று பக்கிரிசாமி கேட்டார். வடமலை வெகுநேரம் யோசித்தார். "தெரியலீங்களே. குடிச்சிருப்பேன்னு நெனைச்சேன்" என்றார். அவர் குரலில் அன்றுதான் முதன்முறையாகக் கிண்டல் இல்லை.

நான் எழுந்து, இதை இத்துடன் நிறுத்த வேண்டும், அளவுகளுக்காக மனிதர்களின் நாட்களை எடுக்க எந்த விதியும் இடம் தராது என்றேன். ஊர் கூடிப் பேசியது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அஞ்சம்மாள்தான் முடித்துவைத்தார்.

"கல்யாணம் நடந்துச்சா இல்லியா? அவ குடும்பம் நடத்துறாளா இல்லியா? நான் மறந்தா தாலி கழண்டுடுமா? தண்ணி போச்சுன்னாத்தான் போச்சு. நாளைக்கி அவ தலைப்பிரசவத்துக்கு வந்தா எந்தத் தண்ணிய காய்ச்சி ஊத்துறது? கடல் தண்ணியவா?"

அதன் பிறகு, எந்தச் சதுரத்தில் எந்த நாள் என்பது தெரிந்திருந்ததால், ஊரார் தங்கள் நாட்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். ரேஷன் கடைக்கு நான்கு முறை நடந்து வெறுங்கையோடு திரும்பிய நாளைக் கொடுத்தார்கள். பல்வலி நாளையும், காய்ச்சல் நாளையும், வலையில் பாசி மட்டுமே வந்த நாளையும் கொடுத்தார்கள். தேர்வில் தோற்ற நாளுக்கு ஏழு பேர் போட்டியிட, பக்கிரிசாமி சீட்டுக் குலுக்கிப் போட்டார். தீபாவளியையும் பொங்கலையும் கொடுக்க யாரும் வராதபோது, "எனக்குன்னு யாரு இருக்கா, எல்லா நாளும் ஒரே நாளுதான்" என்று சொல்லி வடமலை முன்வந்து வாயைத் திறந்தார். மச்சானைச் சபையில் கை நீட்டி அடித்த நாளைக் கொடுக்க வந்த ஒருவரை, அவர் மனைவி மணிமொழி பந்தலிலேயே மறித்தார்.

"அத மட்டும் குடுத்துட்டு நல்லவனாப் போயிடலாம்னு பாக்குறியா?"

"எல்லாம் ஊருக்காகத்தான், மணி."

"ஊருக்காகக் குடு. ஆனா நான் மறக்க மாட்டேன். தெனம் காலைல காப்பியோட சொல்லுவேன், கேட்டுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மையார் சொன்னது என்னுள் வேறு எங்கோ போய்த் தைத்தது. அதன் காரணம் அன்று எனக்குத் தெரிந்திருந்தது. இன்று பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

பங்குனி இருபதாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஐம்பத்தெட்டு உறைகள் வெறுமையாக இருந்ததற்கு, நகலெடுத்த உதவியாளர் என்ற முறையில் தையல்நாயகி விளக்கம் தர வேண்டும். தவறினால் வேலை நீக்கம். என் பெயர் அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. அதைப் படித்து மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். விசாரணை முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது நாட்கள் அந்தக் கடிதம் இழுப்பறையில் கிடந்தது. அந்த ஒன்பது நாட்களும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அவற்றை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

பங்குனி இருபத்தொன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு, நானூற்றைந்து நாட்கள் நோட்டுகளில் ஏறியிருந்தன. கயிறு கட்டிய பாத்தியில் ஒரே ஒரு சதுரம் மட்டும் வெள்ளையாக மீந்திருந்தது. ஆடி பதினொன்று. அன்று ஊர் முழுவதும், கைக்குழந்தை முதல் நோயாளி வரை, விடியும் முன்னே நான்கு வேன்களில் கோயிலுக்குப் போய், மறுநாள்தான் திரும்பியிருந்தது. கோயில் போய்ச் சேரும்வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படாத விரதம். ஊரில் ஆளில்லை என்பது தெரிந்துதான் நிறுவனம் அன்று இரண்டு குழாய்களையும் பகல் முழுவதும் ஓட்டியது. எல்லா நாட்களிலும் வேண்டப்பட்ட நாள் அதுதான். அன்று சனிக்கிழமை, நகலெடுக்கும் நாள், ஆகையால் ஊரில் தங்கி அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் இருவர் மட்டுமே: தையல்நாயகியும் நானும்.

"நான் குடுத்துடறேம்மா" என்றாள் அவள். ஏற்கெனவே உப்பை விரலால் கிள்ளியிருந்தாள். "அந்த நாளு போனா எனக்கு நல்லதுதான். உங்களுக்கும் நல்லது."

அவள் என்ன சொல்கிறாள் என்பது அந்த நேரத்தில் எனக்கு முழுதாகத் தெரிந்திருந்தது. அவள் அந்த நாளைக் கொடுத்துவிட்டால், அன்று எங்களுக்குள் நடந்ததை அறிந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாக இருப்பேன். இழுப்பறையில் கிடந்த கடிதத்துக்கு அவளால் எந்தப் பதிலும் எழுத முடியாது. நான் கொடுத்தாலோ, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று முழு மனச்சாட்சியோடு மறுக்கக்கூடியவளாக ஆகிவிடுவேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் எனக்கு இலாபமாகவே இருந்தது. நான் பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுவதும் அளவெடுத்தவள் அதை மட்டும் அளக்கவில்லை.

பிறகு, "உப்பைக் கீழே வை. பதிவேட்டை எடுத்து வா" என்றேன்.

மையால் எழுதினேன். ஒரு பக்கம் நிறைய எழுதினேன். கையெழுத்திட்டு, நாள் குறித்து, பக்கிரிசாமியை அழைத்துச் சாட்சிக் கையெழுத்து வாங்கி, மூடித் தையல்நாயகியின் மடியில் வைத்தேன். அதற்குப் பிறகே அந்த உப்பை என் நாக்கில் வைத்துக்கொண்டேன்.

என் குரலை நானே கேட்டேன். காலை ஆறு மணி, ஒன்று தொண்ணூறு மீட்டர் ஆழம். ஏழு மணி, ஒன்று தொண்ணூற்று நான்கு. தண்ணீர் மணிக்கு மணி கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. நான்கு மணிக்குப் பள்ளிக்கூடத்து மோட்டாரின் பள்ளம் இல்லை; சனிக்கிழமை, பள்ளி இல்லை. மாலை ஐந்து மணி, இரண்டு முப்பத்தொன்று. ஒரே பகலில் நாற்பத்தொரு சென்டிமீட்டர். மகளிர் குழுவில் எழுதிக்கொண்டிருந்த பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிந்ததும் தையல்நாயகியைப் பார்த்துக் கேட்டேன். "அன்று என்ன நடந்தது?"

அவள் பதிவேட்டை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, "ஒண்ணும் நடக்கலம்மா. வெயில் அடிச்சுது" என்றாள்.

நான் கையை நீட்டினேன். சற்று நேரம் கழித்துத்தான் கொடுத்தாள். அதில் இருந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

'ஆடி பதினொன்றாம் நாள் காலை பத்து மணிக்கு என் உதவியாளர் தையல்நாயகி என்னிடம், "நாலு நிமிஷம் ஆவுற வேலை நாலு நொடியில முடியுதும்மா. உள்ள ஒண்ணும் போவல போலருக்கு, ஒருதரம் தொறந்து பாருங்களேன்" என்று சொன்னாள். நான் திறந்து பார்க்கவில்லை. புதிய கணினி வேகமானது என்றேன். பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவள் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்றேன். அவள் அழுதாள். நான் சரிபார்த்தேன் என்று கையெழுத்திட்டேன். தவறு என்னுடையது, எச்சரிக்கப்பட்ட பிறகு செய்த தவறு.'

கையெழுத்து என்னுடையது, ஒற்றுப்பிழைகூட இல்லாத என் எழுத்து. பேனாவைப் பிடித்தது எனக்கு நினைவிருந்தது. பேனா எழுதியது நினைவில் இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்த பெண்மணியை நான் என் வாழ்நாளில் சந்தித்ததே இல்லை என்பதைப் போல் இருந்தது. இவ்வளவு கொடிதாகவா பேசினாள் என்று எண்ணினேன். பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சித்திரை ஐந்தாம் நாள் விசாரணையில் நிறுவனத்தின் வழக்கறிஞர் எங்கள் பதினான்கு நோட்டுகளைக் கண்டு சிரித்தார். மாவட்ட அதிகாரி சிரிக்காமல், நிறுவனத்தின் மின்கணக்கை மணிவாரியாக வரவழைத்து, இரண்டையும் அருகருகே வைத்து விரலால் இறங்கிக்கொண்டே வந்தார். குழாய் ஓடிய ஒவ்வொரு மணியிலும் எங்கள் தண்ணீர் இறங்கியிருந்தது. ஆடி பதினொன்றில் அவர் விரல் நின்றது. பகல் பன்னிரண்டரைக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

யார் என்ன கொடுத்தார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். வடமலை ஒன்பது நாட்கள் கொடுத்தார். அவற்றுள் தீபாவளியும் பொங்கலும் அடக்கம். மறு தீபாவளிக்கு அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போக ஆறு வீடுகள் சண்டையிட்டன. அஞ்சம்மாள் வைகாசி பத்தொன்பதைக் கொடுத்தார். ஆவணியில் பேரன் பிறந்தான், கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி அவரே ஊற்றினார். நிறுவனம் வைகாசி முடிவதற்குள் இரண்டு குழாய்களையும் பிடுங்கிக்கொண்டது. பதிவேட்டின் அந்தப் பக்கத்தைச் சித்திரை ஆறாம் நாள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன், இம்முறை உறையை ஒட்டும் முன் இரண்டு முறை பிரித்துப் பார்த்து. ஆனி கடைசி நாள் என் பதவியைக் கொடுத்தேன். நிலையத்தின் சாவி தையல்நாயகியிடம் இருக்கிறது.

அவள் ஒரு நாளையும் கொடுக்கவில்லை; ஒன்றை இருவருக்குமாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஆண்டுதோறும் ஆடி பதினொன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பதிவேட்டை என் முன் விரித்து வைத்து, "வேணாம்மா, விடுங்க" என்கிறாள். நான் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும், முதல் முறை கேள்விப்படுவதைப் போலவே இருக்கிறது. பிறகு அடியில் நாள் குறித்து, "சரிபார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன்.